கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது ஆசிரியர்களைப் பார்க்க வேண்டுமா? ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1959-இல், 17 வயதில் ஆக்ஸ்போர்டுக்குப் போன ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்குக் கணிதம் படிக்கத்தான் ஆசை. ஆனால் அவர் சேர்ந்த யுனிவர்சிட்டி காலேஜில், அவருடைய அப்பா படித்த அதே கல்லூரியில், அப்போது கணிதம் படிக்க வழியில்லை. இயற்பியல் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

இதைக் கேட்டதும், "அப்படியானால் எந்தக் கல்லூரியில் எந்த ஆசிரியர் இருக்கிறார் என்று பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும்" என்று தோன்றும். அது பாதிதான் சரி. உங்கள் பாடம் அந்தக் கல்லூரியில் இருக்கிறதா, அதற்கு எத்தனை பேர் இருக்கிறார்கள், அந்தப் பாடத்தைக் கல்லூரி எவ்வளவு அக்கறையாக நடத்துகிறது என்றெல்லாம் கட்டாயம் பாருங்கள். ஆனால் இன்னார் அங்கே இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கல்லூரியைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன், எதை எப்படிச் சரிபார்ப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

படி 1: இங்கே கல்லூரி என்றால் என்ன என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

நம் ஊரில் ஒரு கல்லூரி ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறது என்றால், வகுப்பு, ஆய்வகம், ஆசிரியர் எல்லாம் அந்தக் கல்லூரிக்குள்ளேயே இருக்கும், பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும். அந்த நினைப்போடு ஆக்ஸ்போர்டையோ கேம்பிரிட்ஜையோ பார்த்தால் தடுமாறிவிடுவீர்கள். அங்கே விரிவுரை, ஆய்வகம், பாடத்திட்டம், தேர்வு எல்லாமே பல்கலைக்கழகத் துறையின் பொறுப்பு. நீங்கள் எந்தக் கல்லூரியில் இருந்தாலும் ஒரே விரிவுரை அரங்கில் உட்கார்ந்து ஒரே ஆளிடம் கேட்பீர்கள், ஒரே வினாத்தாளை எழுதுவீர்கள். பட்டமும் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான்.

கல்லூரி தருவது அறை, சாப்பாடு, நூலகம், சிக்கல் வந்தால் போய்ப் பேச ஒருவர், இவற்றோடு மிக முக்கியமாகச் சிறுகுழு வகுப்பு. ஆக்ஸ்போர்டில் இதை டுடோரியல் என்பார்கள், கேம்பிரிட்ஜில் சூப்பர்விஷன். ஒரு ஆசிரியர், இரண்டு மூன்று மாணவர்கள், ஏறக்குறைய ஒரு மணி நேரம். நீங்கள் எழுதிக்கொண்டு போன கட்டுரையையோ போட்டுப் பார்த்த கணக்கையோ வைத்துக்கொண்டு கேள்வி கேட்டுக் குடைவார்கள். ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. கல்லூரி ஆசிரியர் யார் என்ற கேள்வி எழுவதே இந்த வகுப்பால்தான்.

டர்ஹம் பல்கலைக்கழகத்திலும் 17 கல்லூரிகள் உண்டு. அங்கே கல்லூரியில் பாடம் நடப்பதில்லை, எல்லாம் துறையில்தான். அதனால் டர்ஹமுக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்றால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது ஆசிரியரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், நேராக படி 7-க்குப் போய்விடுங்கள்.

படி 2: உங்கள் பாடத்தில் எந்த வருடம் யார் கற்பிப்பார்கள் என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். கல்லூரி ஆசிரியரின் பங்கு பாடத்துக்குப் பாடம் மாறும், அதே பாடத்திலும் வருடத்துக்கு வருடம் மாறும்.

ஆக்ஸ்போர்டில் கணிதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் டுடோரியல் பெரும்பாலும் உங்கள் கல்லூரியிலேயே நடக்கும். மூன்றாம், நான்காம் வருடங்களில் நீங்கள் எடுக்கும் விருப்பப் பாடங்களுக்குப் பல கல்லூரி மாணவர்கள் சேர்ந்து உட்காரும் வகுப்புகள்தான், அதை நடத்துபவர் எந்தக் கல்லூரியாகவும் இருக்கலாம். தத்துவம், அரசியல், பொருளாதாரம் மூன்றும் சேர்ந்த பிபிஇ படிப்பில் முதல் வருட அடிப்படைத் தாள்கள் கல்லூரிக்குள் நடந்தாலும், பிறகு நீங்கள் எடுக்கும் தாளுக்கு உங்கள் கல்லூரியில் ஆள் இல்லையென்றால் வேறொரு கல்லூரி ஆசிரியரிடம் அனுப்பிவிடுவார்கள். இது குறை இல்லை, அங்கே இயல்பாகவே அப்படித்தான் நடக்கிறது. இந்தத் தாளில் ஊறியவர் அந்தக் கல்லூரியில் இருக்கிறார், அவரிடம் போ என்று உங்கள் ஆசிரியரே அனுப்புவார்.

கேம்பிரிட்ஜில் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பாடத்துக்கும் டைரக்டர் ஆஃப் ஸ்டடீஸ் என்று ஒருவர் இருப்பார். உங்களுக்கு யார் சூப்பர்விஷன் எடுப்பது என்று ஏற்பாடு செய்பவர் அவர்தான். அவரே எல்லாவற்றையும் எடுப்பதில்லை. சூப்பர்வைசர் வேறு கல்லூரி ஆசிரியராகவோ முனைவர் பட்ட மாணவராகவோ இருக்கலாம். சில கல்லூரிகளில் ஒரு பாடத்தின் டைரக்டரே வேறு கல்லூரியைச் சேர்ந்தவராக இருப்பதும் உண்டு. இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன்: ஆக்ஸ்போர்டில் டியூட்டர் என்றால் பாடம் எடுப்பவர், கேம்பிரிட்ஜில் டியூட்டர் என்றால் உங்கள் நலனைக் கவனிக்கும் ஒருவர், பெரும்பாலும் உங்கள் பாடத்துக்கே சம்பந்தமில்லாதவர்.

சமஸ்கிருதம் போன்ற சிறிய பாடங்கள் என்றால் கணக்கு இன்னும் எளிது. பல்கலைக்கழகம் முழுவதற்கும் சேர்த்தே சில ஆசிரியர்கள்தான், எந்தக் கல்லூரி மாணவராக இருந்தாலும் அவர்களிடம்தான் படிப்பார்கள். ஆக்ஸ்போர்டின் போடன் சமஸ்கிருதப் பேராசிரியர் பதவி பேலியல் கல்லூரியோடு இணைந்தது. அதற்காக சமஸ்கிருதம் படிக்க பேலியலுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை.

படி 3: கல்லூரி இணையதளத்தில் உள்ள ஃபெலோ பட்டியலைச் சரியாகப் படியுங்கள்

ஃபெலோ என்றால் கல்லூரியின் கல்வியாளர் குழுவில் உறுப்பினராக இருப்பவர். ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் இவர்களின் படத்தோடு நீளமாக ஒரு பட்டியல் இருக்கும். பார்த்தவுடன் மலைப்பாக இருக்கும், நோபல் பரிசு வாங்கியவர், முன்னாள் அமைச்சர், உலகமே அறிந்த வரலாற்று ஆசிரியர் என்று. அதில் உங்களோடு வாராவாரம் உட்காரப் போகிறவர்கள் சிலர் மட்டுமே. பெயருக்குக் கீழே உள்ள பதவியைப் பாருங்கள்.

டுடோரியல் ஃபெலோ, அல்லது கேம்பிரிட்ஜில் கல்லூரி ஆசிரியர், டைரக்டர் ஆஃப் ஸ்டடீஸ் என்று போட்டிருந்தால் இவர்தான் உங்கள் பாடத்தின் தூண். மாணவர் தேர்விலும் இவர் இருப்பார். ஸ்டைபெண்டியரி லெக்சரர் என்றால் குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட மணி நேரத்துக்குக் கற்பிக்க நியமிக்கப்பட்டவர். பதவி சிறியது என்று நினைக்காதீர்கள், முதல் வருட மாணவர்களோடு அதிக நேரம் செலவழிப்பவர் பல இடங்களில் இவர்தான். ஜூனியர் ரிசர்ச் ஃபெலோ ஆராய்ச்சிக்காக வந்த இளைஞர், கொஞ்சம் கற்பிக்கலாம், கற்பிக்காமலும் போகலாம். எமெரிட்டஸ் என்றால் ஓய்வு பெற்றவர். ஹானரரி ஃபெலோ என்றால் கௌரவத்துக்காக, அவரைக் கல்லூரியில் பார்ப்பதே அபூர்வம்.

பெரிய பேராசிரியர் பதவிகளில் இருப்பவர்களும் இதில் வருவார்கள். ஆக்ஸ்போர்டில் இத்தகைய பதவி ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கல்லூரியோடு கட்டப்பட்டது, உதாரணமாக சாவிலியன் வடிவியல் பேராசிரியர் என்றால் நியூ காலேஜ். அவர் அங்கே ஃபெலோ என்பது அந்தப் பதவியின் ஏற்பாடு, இளநிலை மாணவர்களுக்கு டுடோரியல் எடுப்பது பொதுவாக அவர் வேலை இல்லை.

நமக்கு நெருக்கமான ஒரு உதாரணம். சிதம்பரத்தில் பிறந்து 2009-இல் வேதியியல் நோபல் பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன் கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ. அவருடைய ஆராய்ச்சி நடந்த இடம் எம்ஆர்சி மூலக்கூறு உயிரியல் ஆய்வகம், அது கல்லூரிக்குச் சொந்தமானது இல்லை. அவர் பெயர் டிரினிட்டி பட்டியலில் இருப்பதைப் பார்த்து, முதல் வருடத்தில் அவர் எதிரே உட்கார்ந்து ரைபோசோம் பற்றிப் பேசலாம் என்று ஒரு பிள்ளை கனவு கண்டால் அந்தக் கனவு எனக்குப் புரிகிறது, ஆனால் அதை வைத்து விண்ணப்பத்தை நிரப்பக் கூடாது.

படி 4: உங்களுக்குப் பிடித்த அந்த ஒருவர் நீங்கள் போகும்போது இருப்பாரா என்று கணக்குப் போடுங்கள்

உண்மையாகவே கணக்குப் போடச் சொல்கிறேன், காகிதத்தில். இந்த அக்டோபரில் விண்ணப்பிக்கிறீர்கள், அடுத்த அக்டோபரில் சேர்கிறீர்கள், மூன்று வருடப் படிப்பு. அப்படியென்றால் அவர் இன்றிலிருந்து ஏறக்குறைய நான்கு வருடங்கள் அதே நாற்காலியில் இருந்து, அதே அளவுக்குக் கற்பித்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் ஆறு டெர்ம் வேலை பார்த்தால் ஒரு டெர்ம் ஆராய்ச்சி விடுப்பு சேரும். மூன்று வருடப் படிப்பில் ஒன்பது டெர்ம்கள்தான். அவர் தனக்குச் சேரும் விடுப்பை ஒழுங்காக எடுப்பவர் என்றாலே உங்கள் காலத்தில் ஒரு டெர்மாவது இருக்க மாட்டார், சேர்த்து வைத்து ஒரே முட்டாக எடுத்தால் ஒரு வருடம் முழுக்கக்கூடப் போகலாம். இதோடு பெரிய ஆராய்ச்சி நிதி கிடைத்தால் கற்பிக்கும் பொறுப்பிலிருந்து சில வருடங்களுக்கு விடுவிக்கப்படலாம், துறைத் தலைவர் ஆனால் நேரம் குறையும், குழந்தை பிறந்தால் விடுப்பு, உடல்நலம், வேறு நாட்டில் வேலை, ஓய்வு. இரண்டு பல்கலைக்கழகங்களிலும் கல்வியாளர்களுக்குக் கட்டாய ஓய்வு வயதும் உண்டு.

நான் விண்ணப்பித்தபோது ஒரு பொருளாதார ஆசிரியரின் கட்டுரைகளைப் படித்து, புரிந்தது பாதி புரியாதது பாதியாக, அவர் இருந்த கல்லூரியையே எழுதினேன். இடம் கிடைத்தது. முதல் வருடம் அவர் விடுப்பில் இருந்தார், இரண்டாம் வருடம் ஆராய்ச்சி நிதி வந்துவிட்டது. மூன்று வருடத்தில் அவரோடு பேசியது இரண்டு கல்லூரி விருந்துகளில், மொத்தம் அரை மணி நேரம் இருக்கும். எனக்குக் கற்பித்தது அந்தக் கல்லூரிப் பட்டியலிலேயே இல்லாத ஒரு முனைவர் பட்ட மாணவி. என் கட்டுரையின் ஓரமெல்லாம் பென்சிலால் கேள்விகளாக எழுதித் திருப்பித் தருவார், ஒரு வாதம் எந்த இடத்தில் பலவீனமாக நிற்கிறது என்று தேடிப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது அவரால்தான். அவர் பெயரைத் தேடி எந்தக் கல்லூரிக்கும் விண்ணப்பித்திருக்கவே முடியாது.

"கணித மேதை ராமானுஜன், கணிதப் பேராசிரியர் ஹார்டிக்காகத்தானே கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்குப் போனார்?" என்று கேட்பீர்கள். ஆமாம், அதற்காகத்தான் போனார், அதுவே சரியான முடிவும்கூட. ஆனால் அவர் போனது வாராந்தரப் பயிற்சிக் கணக்குக்காக இல்லை, ஏற்கெனவே கணிதம் படைத்துக்கொண்டிருந்தவர், ஹார்டியோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்யப் போனார். அவருக்கே கூடக் கணக்கு முழுதாக ஒத்துவரவில்லை. 1914 ஏப்ரலில் போய்ச் சேர்ந்தார், அந்த ஆகஸ்டில் போர் வந்துவிட்டது, அவரைப் புரிந்துகொண்ட இரண்டாவது ஆளான லிட்டில்வுட் ராணுவப் பணிக்குப் போய்விட்டார். 1919-இல் ராமானுஜன் ஊர் திரும்பினார், அதையொட்டி ஹார்டியே டிரினிட்டியை விட்டு ஆக்ஸ்போர்டு நியூ காலேஜுக்கு மாறிவிட்டார். சாப்பாட்டுக்கு ராமானுஜன் பட்ட பாட்டையும் நினைத்துப் பாருங்கள், கல்லூரிச் சாப்பாடு ஒத்துவராமல் அறையிலேயே சமைத்துக்கொண்டார். கல்லூரி என்பது ஆசிரியர் மட்டும் இல்லை, தினமும் வாழ்கிற இடம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியவில்லை.

படி 5: நீங்கள் எழுதும் கல்லூரியிலேயே இடம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்

ஆக்ஸ்போர்டில் இடம் கிடைப்பவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்குத் தாங்கள் எழுதாத கல்லூரியிலிருந்துதான் அழைப்பு வருகிறது. மருத்துவம் போன்ற பாடங்களில் நேர்காணலே இரண்டு கல்லூரிகளில் நடக்கும். கேம்பிரிட்ஜில் விண்டர் பூல் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒரு கல்லூரி "நல்ல மாணவர், எங்களிடம் இடம் இல்லை" என்று நினைத்தால் பூலில் போடும், வேறு கல்லூரி எடுத்துக்கொள்ளும். ஆக, ஒரு ஆசிரியரை மனதில் வைத்து எல்லாவற்றையும் கட்டினால் ஜனவரியில் வேறு கல்லூரியின் பெயரோடு கடிதம் வரும்போது, உலகத்தின் மிகச் சிறந்த பல்கலைக்கழகங்களில் ஒன்றில் இடம் கிடைத்த அன்றைக்கே மனம் சோர்ந்துபோவீர்கள். அப்படிச் சோர்ந்துபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று. அந்த ஆசிரியரின் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போனால் நேர்காணலில் அவருக்குப் பிடித்துவிடும் என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். வேண்டாம். அவருக்கு உள்ளும் புறமும் தெரிந்த ஒரு பொருளில் நீங்களாகப் போய் மாட்டிக்கொள்வீர்கள். அவர்கள் பார்ப்பது ஒரு புதிய கணக்கை, ஒரு புதிய கருத்தைக் கொடுத்தால் நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்பதைத்தான்.

படி 6: சரி, ஆசிரியர்கள் விஷயத்தில் எதைத்தான் பார்க்கலாம்?

நாற்காலிகளை எண்ணுங்கள், அதில் உட்கார்ந்திருக்கும் ஆளை விட்டுவிடுங்கள். உங்கள் பாடம் அந்தக் கல்லூரியில் உண்டா என்பது முதல் கேள்வி, எல்லாக் கல்லூரியிலும் எல்லாப் பாடமும் கிடையாது. அடுத்து, அந்தப் பாடத்துக்கு நிரந்தர ஃபெலோக்கள் எத்தனை பேர், ஆண்டுக்கு எத்தனை மாணவர்களை எடுக்கிறார்கள். இரண்டு மூன்று பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் விடுப்பில் போனாலும் பாடத்தைத் தெரிந்த இன்னொருவர் இருப்பார். ஒருவர் மட்டுமே இருந்தால், அவர் விடுப்பில் போனபோது பொறுப்பை யார் பார்த்தார்கள் என்று கேளுங்கள். இதைக் கேட்பதில் தவறே இல்லை.

இரண்டு பாடம் சேர்ந்த படிப்பு என்றால், உதாரணமாகக் கணிதமும் தத்துவமும் சேர்ந்தது என்றால், இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்களா என்று பார்ப்பது நல்லது. கல்லூரி ஆசிரியர்கள் உங்களைக் கவனித்துக் கையைப் பிடித்து நடத்துவது முதல் வருடத்தில்தான் அதிகம் என்பதால், முதல் வருடத் தாள்கள் எவை, அவற்றைக் கல்லூரிக்குள்ளேயே நடத்துகிறார்களா என்ற கேள்விக்கு நான் நிறைய எடை கொடுப்பேன்.

திறந்த நாட்களில், அதாவது கல்லூரியைப் பார்க்க விடும் நாட்களில், ஆசிரியரைவிட அங்கே படிக்கும் இரண்டாம் வருட மாணவரைப் பிடியுங்கள். நேரில் போக முடியாவிட்டால் கல்லூரிகள் நடத்தும் இணையவழிக் கூட்டங்களில் கேட்கலாம். போன வாரம் எத்தனை டுடோரியல், யார் எடுத்தார், கட்டுரையைத் திருத்தித் தந்தார்களா, தடுமாறியபோது யாரிடம் போனாய். இந்த நான்கு கேள்வி போதும்.

ஆக்ஸ்போர்டுக்கு நோரிங்டன், கேம்பிரிட்ஜுக்கு டாம்ப்கின்ஸ் என்று கல்லூரிகளைத் தேர்வு முடிவு வைத்து வரிசைப்படுத்தும் பட்டியல்கள் உண்டு. அவற்றை ஆசிரியர் தரத்துக்கு அளவுகோலாக எடுக்காதீர்கள். ஒரு கல்லூரியில் ஒரு பாடத்தில் ஒரு வருடம் ஆறேழு பேர் தேர்வு எழுதுவார்கள், அதில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தால் அந்தப் பாடத்தின் எண்ணிக்கையே வேறு மாதிரி ஆகிவிடும்.

முதுநிலை, முனைவர் பட்டத்துக்கு மட்டும் முற்றிலும் வேறு பதில். அங்கே வழிகாட்டிதான் எல்லாம், ஒரே ஒருவரின் பெயருக்காக நாடு விட்டு நாடு போகலாம். ஆனால் அவரைத் தேடும் இடம் துறை. உங்களைச் சேர்ப்பதும் வழிகாட்டியை ஒதுக்குவதும் துறைதான், அவர் எந்தக் கல்லூரியின் ஃபெலோ என்பதற்கும் நீங்கள் எந்தக் கல்லூரியில் தங்குகிறீர்கள் என்பதற்கும் சம்பந்தம் வேண்டியதில்லை. 1930-இல் சுப்பிரமணியன் சந்திரசேகர் கேம்பிரிட்ஜ் போனது ஆர். எச். ஃபவ்லரின் கீழ் ஆராய்ச்சி செய்யத்தான், இருவருமே டிரினிட்டி. ஆனாலும் மூன்றாம் வருடத்தைக் கோபன்ஹேகனில் இயற்பியலாளர் நீல்ஸ் போர் நடத்திய நிறுவனத்தில் கழித்தார். ஆராய்ச்சியில் ஆள் முக்கியம், கட்டடம் அப்படி இல்லை.

படி 7: மிச்ச எடையை வேறு விஷயங்களுக்குக் கொடுங்கள்

படிப்பு முழுக்க அறை தருவார்களா, ஒரு வருடம் வெளியே வீடு தேட வேண்டுமா. துறைக் கட்டடத்துக்கு எவ்வளவு தூரம், கர்ட்டன் கல்லூரி கேம்பிரிட்ஜ் நடுநகரத்திலிருந்து நன்றாகவே தள்ளி இருக்கிறது. 21 வயதைத் தாண்டியவர் என்றால் ஆக்ஸ்போர்டில் ஹாரிஸ் மான்செஸ்டர், கேம்பிரிட்ஜில் ஹியூஸ் ஹால், உல்ஃப்சன் போன்றவை. பெண்கள் மட்டும் படிக்கும் இடம் வேண்டுமென்றால் நியூன்ஹம், மரே எட்வர்ட்ஸ். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்கள் ஒன்றை மறக்காதீர்கள்: கேம்பிரிட்ஜில் வெளிநாட்டு இளநிலை மாணவர்களுக்குப் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு மேல் கல்லூரிக் கட்டணம் தனியாக உண்டு, அது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஒரு ஃபெலோவின் பெயரைவிட இந்தத் தொகைதான் வீட்டில் பேச வேண்டிய விஷயம்.

எதிலும் மனம் நிற்கவில்லையா, திறந்த விண்ணப்பம் போடுங்கள். கல்லூரிப் பெயர் எழுதாமல் விடலாம், அந்தப் பாடத்துக்கு ஒப்பீட்டளவில் விண்ணப்பம் குறைவாக வந்த கல்லூரிக்கு ஒதுக்குவார்கள். எப்படியானாலும் யூகாஸ் (பிரிட்டனில் இளநிலைப் படிப்புகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பு) வழியாகப் போடும் விண்ணப்பம் அக்டோபர் 15-ஆம் தேதி, இங்கிலாந்து நேரம் மாலை 6 மணிக்குள் போய்ச் சேர வேண்டும், ஒரே வருடத்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் இளநிலைக்கு விண்ணப்பிக்க முடியாது.

படி 8: இடம் கிடைத்த பிறகு ஆசிரியர்களைத் தேடுங்கள்

கடிதம் வந்து, மதிப்பெண்ணும் வந்து, கல்லூரி உறுதியானதும் அந்தத் தளத்துக்கு மறுபடி போங்கள். இப்போது யார் உங்களுக்குப் பாடம் எடுக்கப் போகிறார்கள் என்று ஓரளவு தெரிந்துவிடும், கோடையில் படிக்க வேண்டிய புத்தகப் பட்டியலும் பெரும்பாலும் அவர்களிடமிருந்தே வரும். அவர்கள் எழுதியதில் ஒரு கட்டுரையை எடுத்து, பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, புரியாத இடங்களை வரிசையாகக் குறித்து வையுங்கள். முதல் டுடோரியலுக்குப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.